‘அப்புறம்’ அக்காவும் என் ஏ.சி. அறையும்

படப்பை முதல் ஒரகடம் வரை உள்ள அத்தனை கம்பெனிகளையும் சேர்த்துப் பார்த்தாலும், கண்ணீரை அதிகமாகப் பார்த்த மனுஷி ‘அப்புறம்’ அக்காதான். அதில் ஒரு சொட்டைக்கூட அவர் துடைத்துவிட்டதில்லை. யார் எவ்வளவு அழுதாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை லேசாகச் சாய்த்து, “அப்புறம்?” என்று கேட்பார். ஆறுதல் கிடையாது, அறிவுரை கிடையாது, ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. அதற்குப் போய்ப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதே கம்பெனியில் ஆறுதல் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே இதைப் படிக்கும்போது வயிற்றெரிச்சல் வாடை அடித்தால் வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு அழகான ஒரு பெயர் உண்டு. அது பி.எஃப். காகிதத்தில் மட்டும் இருந்தது. குன்றத்தூர் மலையடிவாரத்தில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலுக்கு அவர் வந்த முதல் வாரம், சமையல் செய்யும் அம்மாள் கேஸ் லைட்டரைக் காணோம் என்று சண்டைக்கு வந்தார். இவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, “அப்புறம்?” என்றார். லைட்டரில் ஆரம்பித்த அம்மாள், அடுத்த “அப்புறம்?”-இல் ஹாஸ்டல் ஓனருக்குப் போனார். அதற்கடுத்ததில் தன் கல்யாணத்துக்குப் போனார். கடைசியில் செத்துப்போன நாத்தனாரை நினைத்துத் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து, “மனசு லேசாய்ட்ச்சு தாயி” என்று எழுந்தபோது அடுப்பில் சாம்பார் கருகிப் போயிருந்தது. அன்று முப்பத்தெட்டுப் பேர் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். பெயர் நிலைத்துவிட்டது.

எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் அழைப்பார். ஹாஸ்டலில் ஒரு பூனை இருந்தது. அதனிடம், “உங்களுக்குப் பால் வேணுமா, இல்ல யாராவது பக்கத்துல இருந்தா போதுமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பூனையும் யோசித்தது.

இன்னும் நாலு பேரோடு நானும் அவரும் ஒரே அறை. காருக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. அவர் லைன் கடைசியில் நின்று வயரைச் சோதிக்கும் குவாலிட்டி ஆள். நான் ஹெச்.ஆர். இருவருமே தபாலில் உளவியல் எம்.ஏ. முடித்தவர்கள். இருவருக்கும் ஒரே நாளில் பிஹெச்.டி.க்கு இடம் கிடைத்தது. நான் அன்றே அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். பழைய லீவ் லெட்டர்களின் பின்பக்கத்தில் ‘முனைவர்’ போட்டுக் கையெழுத்துப் பழகினேன். அவரோ பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, தன் இடத்தை ஒரு வருஷம் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்.

“ஏன்க்கா, கைக்கு வந்த சீட்ட யாராவது தள்ளிப் போடுவாங்களா?” என்று கேட்டேன்.

“மொதல்ல கவுன்சலிங் லைசென்ஸுக்குத் தகுதி வாங்கிக்கிறேன். அதுக்கு மேல ஆராய்ச்சி.”

“டாக்டர் பட்டமே வரப் போவுது. லைசென்ஸ் எதுக்கு?”

“பட்டம் வாங்குனா ஜனங்களப் பத்தி எழுதலாம். எதிர்ல உக்காந்து கேக்கறதுக்கு லைசென்ஸ் வேணும். கேக்கவே கத்துக்காம நான் என்னத்த எழுதறது?”

மைசூர்பாகு டப்பாவை மூடி வைத்தேன். நான் செய்திருக்க வேண்டியதை வேறொருவர் நிதானமாகச் செய்யும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே, அதற்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை கிடையாது.

அந்தத் தகுதிக்கு இருநூறு மணி நேரம் ஆட்களை நேரில் உட்காரவைத்து ஆலோசனை செய்திருக்க வேண்டும். லைசென்ஸ் தருகிறவர்கள் கணக்கில் ஐம்பது நிமிஷம் ஒரு மணி நேரம். ஒவ்வொன்றையும் நாள், நேரம், இடம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. தாம்பரத்தில் இருந்த அனுபவசாலியான ஓர் அம்மையார் மேற்பார்வையாளராக இருந்து மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எல்லாம் அந்த ஒரு வருஷத்துக்குள் முடிய வேண்டும். தவறினால் தகுதியும் போகும், நிறுத்தி வைத்த இடமும் போகும்.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இடத்துக்குத்தான் பஞ்சம். எங்கள் லைனில் பாதிப் பேர் தெற்கத்திப் பெண்கள், ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருந்தவர்கள். கதவைச் சாத்தி ஒரு நிமிஷம் அழ வேண்டுமென்றால்கூட பாத்ரூமுக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் யாராவது தட்டுவார்கள். ‘அப்புறம்’ அக்கா யோசித்துக் கண்டுபிடித்த இடம் கம்பெனி பஸ். குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரும் ஏ ஷிஃப்ட் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டு பேர் சீட். ஜன்னலோரம் அவர். பக்கத்தில் அன்றைக்கு யார் முறையோ அவர். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர். கம்பெனி கேட் வந்ததும், அந்தப் பெண் வாக்கியத்தின் பாதியில் இருந்தாலும், “நேரம் ஆச்சு. வியாழக்கெழம பாக்கலாம்” என்று எழுந்துவிடுவார்.

இதற்கிடையே என் நிலைமையைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் எனக்கென்று ‘மனநல ஆலோசனை அறை’ ஒன்று இருந்தது. ஏ.சி., சோபா, டிஷ்யூ டப்பா, பிளாஸ்டிக் மணிபிளான்ட், சாத்தினால் ஊசி விழும் சத்தம்கூட வெளியே போகாத கதவு. பதினோரு மாதத்தில் அதற்குள் வந்த ஒரே ஆள் ஏ.சி. மெக்கானிக். ஆசையோடு அவரிடம், “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன். “கேஸ் கம்மியா கீது மேடம்” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

பஸ் தினமும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வர ஆரம்பித்தது. விசாரிப்பது என் வேலை. டிரைவர் ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

“குன்றத்தூர் வண்டி மட்டும் ஏங்க தெனம் லேட்டாவுது?”

“இன்னா பண்றது மேடம். அந்தப் பொண்ணு பாதி அழுகைல கீது. அப்டியே கேட்டாண்ட எறக்கி வுட்டா நல்லாவா இருக்கும்? அதான் சேரப்பணஞ்சேரில உள்ள பூந்து ஒரு ரவுண்டு வுட்டேன்.”

“உங்கள யாரு சுத்தச் சொன்னது?”

“யாரும் சொல்லல. அந்தம்மா அம்பது நிமிசம்னு வெச்சிக்கினு கீறாங்க. நான் நாப்பதுல வந்துட்டா பத்து நிமிசம் வேஸ்ட்டுதான மேடம்?”

“அவங்க பேசறதெல்லாம் உங்களுக்குக் கேக்குதா?”

“சே சே. எஃப்.எம்.ம சவுண்டா வெச்சிருவேன். ஒண்ணும் காதுல வுழாது.” கதவுவரை போனவர் திரும்பி வந்தார். “ஆனா அந்த மாமியாக்காரி பண்ணது ரொம்ப தப்பு மேடம்.”

எழுபது பேரை ஏற்றிய பஸ் ஒருத்தி அழுது முடிப்பதற்காக ஊரைச் சுற்றுகிறது. என் அறையில் டிஷ்யூ டப்பாவின் மேல் தூசி. நானும் முயன்று பார்த்தேன். ஒரு நாள் வேண்டுமென்றே பஸ்ஸில் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், வாரம் தவறாமல் ‘அப்புறம்’ அக்காவிடம் போகிறவள். முதுகை நிமிர்த்தி, தலையைச் சாய்த்து, அதே இழுப்போடு, “அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் ஒண்ணுமில்ல மேடம்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “அப்புறம்?” என்றேன்.

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. “நான் எதும் தப்பு பண்ணிட்டனா மேடம்?”

ஏழாவது மாதம் தாம்பரம் அம்மையார் எனக்குப் போன் செய்தார். ஆலோசனை நடக்கும் இடம் எப்படிப்பட்டது என்று கம்பெனித் தரப்பில் விசாரிப்பது அவர் வழக்கமாம். நோட்டில் ‘கம்பெனி வளாகப் போக்குவரத்து’ என்று எழுதியிருப்பது அவருக்குப் புரியவில்லையாம். நான் புரியவைத்தேன். பஸ் என்றேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் என்றேன், எஃப்.எம். என்றேன். கேட்காமலே மாமியார் விஷயத்தில் ஏழுமலையின் கருத்தையும் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சொல்லும்போது எனக்கு இருந்த ருசிதான் தப்பு.

மறுவாரம் தீர்ப்பு வந்தது. மூன்றாம் மனிதர் காதில் விழும் இடத்தில் நடந்தது எதுவும் செல்லாது, கதவு சாத்தக்கூடிய அறையில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று. ‘அப்புறம்’ அக்கா கட்டிலில் உட்கார்ந்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நூற்று அறுபத்துமூன்று வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். வேறு யாராக இருந்தாலும் பக்கத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். இவர் வரிக்கு வரி, கோணாமல். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“டீவி ரூம்ல எப்பவும் ஆளு. மொட்ட மாடிக்குக் கதவு இல்ல. உங்க ரூம் காலியாத்தான இருக்குது? ஷிஃப்ட் முடிஞ்சதும் நான் யூஸ் பண்ணிக்கவா?”

“ரூல்ஸ் இருக்குதுக்கா. மேனேஜ்மென்ட்ல கேக்கணும்” என்றேன்.

கேட்கவில்லை. அப்படி ஒரு ரூலும் இல்லை. சாவி என் ஹேண்ட்பேக்கில் இருந்தது. மேனேஜ்மென்ட் அந்த அறை இருப்பதையே மறந்துவிட்டது. அன்று மாலை படப்பையில் இறங்கித் தனியாக உட்கார்ந்து ஒரு முழு சிக்கன் பிரியாணி சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் ஓடியது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒரு நாள் என் முதல் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். எடுத்துக்கொண்ட தலைப்பு, தொழிற்சாலைப் பெண்களின் மனநலம். “எல்லாம் சரி. இதுல ஒரு பொண்ணு பேசறதாவது இருக்காம்மா?” என்றார். இல்லை. என்னிடம் ஒருத்தியும் பேசியதில்லை. அவரே தொடர்ந்தார்: “உங்க ரூம்மேட் சீட்ட நிறுத்தி வெச்சாங்களே, அவங்க பண்றதுதான் ஒழுங்கான வழி. எடம் கெடைக்காம கஷ்டப்படறாங்களாம். ஏம்மா, உங்க கம்பெனிலயே ஒரு ரூம் இருக்குன்னு சொன்னீங்கள்ல?”

நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் சாவியை ‘அப்புறம்’ அக்காவின் தலையணைமேல் வைத்தேன். “பர்மிஷன் கெடச்சிடுச்சுக்கா.”

“ரொம்ப நன்றிங்க” என்றார். அவ்வளவுதான். எப்படி, யாரிடம் என்று எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இரண்டரை மணிக்கு ஏ ஷிஃப்ட் முடியும். ஐந்தரைக்கு ஜெனரல் ஷிஃப்ட் பஸ். நடுவில் மூன்று மணி நேரம், தாராளமாக மூன்று பேரைப் பார்க்கலாம். முதல் நாள் அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. இரண்டு வாரம் அவர் அந்த சோபாவுக்கு எதிரில், முதுகு நிமிர்த்தி, பிளாஸ்டிக் மணிபிளான்ட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் மூன்று நாள் எனக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. ஆக, என்னிடம் குறையில்லை, அறைதான் ராசியில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாம் போலிருந்தது.

நாலாம் நாள் அந்த ஆனந்தம் புளித்துவிட்டது. கதவுக் கண்ணாடி வழியாக அவரைப் பார்க்கப் பார்க்க என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நேரம் முடிந்ததும் எழுந்து, சோபாவின் மடிப்பைத் தடவி நேராக்கிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வந்தார். இரண்டு வாரமும் அப்படித்தான். வருஷம் முடிய மூன்றரை மாதம்தான் மிச்சம். நோட்டில் செல்லுபடியாகும் வரி ஒன்றுகூட இல்லை.

செல்வியைக் கேன்டீனில் பிடித்தேன். “ஏம்மா, அக்கா அங்க தனியா உக்காந்திருக்காங்க. ஒருத்தரும் போகலையே?”

“என்னத்தச் சொல்ல மேடம். அந்த ரூமுக்கு ஹெச்.ஆர். வராண்டா வழியாத்தான போணும்? அந்தப் பக்கம் போறவ பேப்பர் போடப் போறான்னுதான் எல்லாரும் நெனைப்பாவ. போன மழைக்கு எங்க லைன்ல ஒருத்தி அங்கன ஒதுங்குனா. வேலய விடுதான்னு நெனச்சு அவளுக்கு செண்டாஃப் கேக்கே வாங்கிட்டோம்.”

“அதான் காரணமா?”

செல்வி தட்டைப் பார்த்தாள். “அங்கன நீங்க வேற இருப்பியள்லா மேடம்.”

இத்தனை மாதமாக நான் தேடிய பதில் ஒரு தயிர்சாதத் தட்டுக்கு எதிரில் கிடைத்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் இரண்டரை மணிச் சங்கு ஊதியது. ஏ ஷிஃப்ட் வெளியே வர, பி ஷிஃப்ட் உள்ளே போக, முற்றத்தில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். நான் என் சீட்டை விட்டு எழுந்தேன். பின்பக்க வழியாகப் போகாமல், ஐ.டி. கார்டைக் கழுத்தில் நன்றாகத் தெரியும்படி போட்டுக்கொண்டு, முற்றத்தின் நடுவே நடந்து, வராண்டாவில் ஏறி, என் அறைக் கதவையே நான் தட்டினேன்.

“உள்ள வாங்க” என்றார் ‘அப்புறம்’ அக்கா. என்னைப் பார்த்து ஒரு கணம் புருவம் உயர்ந்தது. பிறகு சோபாவைக் காட்டினார்.

சும்மா ஐம்பது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, வெளியே பார்ப்பவர்களுக்காக முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதுதான் என் திட்டம். மழை, ஹாஸ்டல் சாம்பார் என்று எதையோ ஆரம்பித்தேன். அவர், “அப்புறம்?” என்றார்.

அந்தச் சொல்லை மூன்று வருஷமாகப் பக்கத்துக் கட்டிலில் கேட்டிருக்கிறேன். என் பக்கம் அது திரும்பியது அன்றுதான். அதற்குமேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. “உங்களக் கண்டாலே எனக்கு ஆவறதில்லக்கா” என்று ஆரம்பித்தேன். நீங்கள் சீட்டைத் தள்ளிப் போட்ட நாளிலிருந்து தூக்கம் சரியில்லை என்றேன். செல்வி என்னைப் பார்த்து வெளுக்கிறாள், பூனைகூட உங்கள் கட்டிலில்தான் படுக்கிறது என்றேன். தாம்பரத்துக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான் என்றேன். ரூல்ஸ் என்று ஒன்றும் கிடையாது, சாவி என் பையிலேயே இருந்தது, அன்று போய் பிரியாணி தின்றேன் என்றேன். அதைச் சொல்லும்போது ஏன் அப்படி அழுகை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை, மன்னிக்கவும் இல்லை. டிஷ்யூ டப்பாவை நானேதான் எட்டி எடுத்துக்கொண்டேன்.

“நேரம் ஆச்சு” என்றார் கடைசியில்.

நடிப்பதற்கு அவசியமே இல்லாமல் வீங்கிய கண்ணோடு வெளியே வந்தேன். வராண்டா முனையில் ஒரு கூட்டம் நின்றிருந்தது. செய்தி பி ஷிஃப்ட் டீ பிரேக்குக்கு முன்னால் கடைசி லைன் வரை போய்விட்டது. ஹெச்.ஆர். மேடமே போய் அழுதுட்டு வந்தாங்களாம், அவங்களுக்கே பிரச்சனையாம், கேக் யாரும் வாங்கலையாம். மறுநாள் செல்வி வந்தாள். அதற்கடுத்த நாள் மூன்று பேர். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்க்க வந்தவர்கள்கூட முறை கேட்டார்கள். ஏழுமலை என்னிடம் வந்து, “நம்ம வண்டில இன்னா கொற வெச்சோம் மேடம்?” என்று வருத்தப்பட்டார். ஐந்தரை பஸ் இன்னும் பத்து நிமிஷம் கேட்டில் நின்றுவிட்டுத்தான் கிளம்பியது. அதற்கு நான் மெமோ அனுப்பவில்லை.

வருஷம் முடிய நாலு நாள் இருக்கும்போது இருநூறும் முடிந்தது. அறைக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து வேண்டும் என்று நோட்டை என்னிடம் கொடுத்தார். மறுநாள் தாம்பரம் போக வேண்டும். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் புரட்டிப் பார்த்தேன். அடித்த நூற்று அறுபத்துமூன்று வரிகள் தாண்டி, அறையில் நடந்தவை தொடங்கும் பக்கம். முதல் வரியே என்னுடையது. தேதி, இரண்டரை மணி, இடம். அதன்மேலும் ஸ்கேல் வைத்து, கோணாமல், ஒரு கோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முற்றத்தில் முந்நூறு பேர் பார்க்க மானத்தை விட்டு நடந்தவள் நான். அதை வைத்துத்தான் மற்ற அத்தனையும் வந்தன. செல்வியுடையது செல்லும், கேன்டீன்காரியுடையது செல்லும், நான் அழுத அழுகை மட்டும் செல்லாதா? ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம்கூட இவருக்கு என் பெயரில் வேண்டாமா? “என்னக்கா இது?” என்று கேட்க வாயெடுத்தவள், பக்கத்தில் ‘நீக்கக் காரணம்’ என்ற கட்டத்தைப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது.

‘வந்தவர் என் நெருங்கிய தோழி. சொந்தக்காரர், சிநேகிதர் கணக்கில் சேரக் கூடாது என்பது விதி.’

தலையைத் தூக்கினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். கணக்கில் சேர்ந்த யார் மேலும் அன்றிலிருந்து எனக்குப் பொறாமை வந்ததே இல்லை.